பழைய ஹாலோன் தீயணைப்பான்கள்: உறுப்பினர் கவனத்திற்கு

பெருமாள்புரம் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் உள்ள பழைய தீயணைப்பான்கள் சிலவற்றில் ஹாலோன் 1211 என்ற தீயணைப்பு வாயு இருக்கக்கூடும். ஓசோன் படலத்தைக் குளோரினைவிடப் பன்மடங்கு சிதைக்கும் புரோமின் அதில் இருப்பதால், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதன் உற்பத்தி வளரும் நாடுகளிலும் 2010-க்குள் நிறுத்தப்பட்டது. எனினும், இருப்பிலுள்ள வாயுவை மீட்டுத் தூய்மைப்படுத்தினால், விமானம் போன்ற தவிர்க்க இயலாத இடங்களுக்கு அது இன்றும் பயன்படும். அதை வீணே காற்றில் விடுவது பெருந்தவறு.

சரிபார்ப்பு: ஜூன் 14, ஞாயிறு, காலை 10 மணி, சங்க அலுவலகம்.

1. உருளையின் பெயர்ச்சீட்டைப் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் அனுப்புங்கள்.
2. சோதனைக்காகக்கூட வால்வைத் திறக்காதீர்கள்.
3. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். மீட்பு வசதியுள்ள நிறுவனத்திடம் சங்கமே ஒப்படைக்கும்.
4. உருளை இல்லாதவர்களும் ‘இல்லை’ என்று தவறாமல் பதிலிடுங்கள்.

செயலாளர்