அப்பாஸியர்கள் ஷியாக்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் கர்பலா பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. 680இல் நபிகளாரின் பேரர் இமாம் ஹுஸைன் அங்கே கொல்லப்பட்டதை யார் மனதும் புண்படாமல் சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில் "உமய்யாக்கள் ஸுன்னிகள், அவர்களைக் கவிழ்த்த அப்பாஸியர்கள் ஷியாக்கள்" என்று இரண்டு கலீஃபா வம்சங்களின் கணக்கையும் ஒரே வரியில் முடித்துவிட்டதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. கிழக்கு ஈரான் பக்கத்துக் கொராசானில் அப்பாஸியர்களின் தளபதி அபூ முஸ்லிம் உமய்யாக்களுக்கு எதிராகக் கறுப்புக் கொடி ஏற்றியபோது, யாரைக் கலீஃபா ஆக்கப்போகிறோம் என்று பெயரையே வெளியில் விடவில்லை. நபிகளாரின் குடும்பத்தில் எல்லோருக்கும் உடன்பாடான ஒருவர், அவ்வளவுதான் பேச்சு. நபிகளாரின் மருமகனும், தலைமை அவர் வழிக்கே உரியது என்று ஷியாக்கள் நம்புபவருமான அலியின் வழியில் ஒருவர் வரப்போகிறார் என்று நம்பித்தான் பலர் பின்னால் போனார்கள். கடைசியில் ஈராக்கின் கூஃபாவில் பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கிக் கலீஃபா ஆனவரோ நபிகளாரின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்த அபுல் அப்பாஸ். அதுவும் குடும்பம்தானே, யார் மறுக்க முடியும்!

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அவருக்கு அடுத்து வந்த அண்ணன் மன்சூர், ஆட்சியைப் பிடித்துக் கொடுத்த அபூ முஸ்லிமையே 755இல் அழைத்துவரச் செய்து கொன்றார். 762இல் மதீனாவில் அலியின் மகன் இமாம் ஹஸனின் கொள்ளுப்பேரர் முஹம்மது எதிர்த்து எழுந்தபோது படை அனுப்பி அவரைத் தீர்த்ததும் இதே மன்சூர்தான், அதுவும் பாக்தாத் நகரைக் கட்டத் தொடங்கிய அதே ஆண்டில். அவர் வம்சத்தில் வந்த முதவக்கில், 850 வாக்கில் கர்பலாவில் இமாம் ஹுஸைனின் அடக்கத்தலத்தை இடிக்கச் சொன்னார். ஷியா அரசு செய்கிற காரியமா இது? நடுவில் கலீஃபா மாமூன், 817இல் ஷியாக்களின் எட்டாவது இமாம் அலீ ரிழாவைத் தன் வாரிசாக அறிவித்தது உண்மை. மறு ஆண்டே இமாம் இறந்துபோக, அந்தக் கதை அதோடு சரி.

அதற்காக அவர்களை முழு ஸுன்னிகள் என்று திருப்பி எழுதிவிடாதீர்கள், அதுவும் வம்பு. ஸுன்னிகளின் நான்கு மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) ஒன்றுக்கு இமாமான அஹ்மத் இப்னு ஹன்பலைச் சாட்டையால் அடித்ததும் அப்பாஸியர் அவைதான். குர்ஆன் என்றென்றும் இருப்பதல்ல, இறைவனால் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள மறுத்தார் என்பதே குற்றம். இன்னொன்று, 945இல் பாக்தாத்தைப் பிடித்த ஈரானிய வம்சமான புவைஹிகள் ஷியாக்களாக இருந்தும், இருந்த கலீஃபாவை இறக்கிவிட்டு வேறொரு அப்பாஸியரைத்தான் உட்காரவைத்தார்கள். அலியின் வழிவந்த ஒருவரை உட்காரவைத்தால் நாளைக்கு அவர் சொல்வதை நிஜமாகவே கேட்க வேண்டிவரும் என்ற கணக்காக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஷியா ஆட்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால், 909இல் வட ஆப்பிரிக்காவில் தொடங்கி 969இல் கெய்ரோவை உருவாக்கிய ஃபாத்திமியர்களை எழுதியிருக்கலாம். பாக்தாத் கலீஃபாவுக்குப் போட்டி கலீஃபாவாகவே உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். என் மகள் உங்கள் வரலாற்றுப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துப் படிப்பவள். அந்தக் கடைசிப் பத்தியை இப்போதைக்கு மடித்து ஒட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்