கொலாஜ்: பசையில் பிறந்த சொல்

ஆசிரியருக்கு,

மாணவர் கலைப் படைப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் ‘கொலாஜ்’ (தாள் போன்றவற்றின் துண்டுகளை ஒட்டிப் படம் உருவாக்கும் கலை) என்ற சொல் விளக்கமின்றி இடம்பெற்றிருந்தது. அதன் வேரைச் சொன்னாலே அக்கலையின் செய்முறை பாதி விளங்கிவிடும். கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை. பிரெஞ்சு மொழியில் அது ‘கோல்’ ஆகி, ஒட்டுதலைக் குறிக்கும் வினையைத் தந்தது; அவ்வினையிலிருந்து ‘கொலாஜ்’ பிறந்தது. பாரிசில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912ல் செய்தித்தாள், சுவர்த்தாள் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டத் தொடங்கிய பிறகே அது கலைச்சொல்லாக ஆங்கிலத்தில் புழங்கலாயிற்று. இங்கே சிங்கப்பூரில், கலைஞர்களுக்கான கலாசாரப் பதக்கத்தை 1989ல் பெற்ற ஓவியர் கோ பெங் குவான் இக்கலைக்குப் பெயர்பெற்றவர். பள்ளிக் கைவேலை என்று இதை ஒதுக்குவது பெருந்தவறு.

சமூக மன்றத்தில் சிறுவர்களுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். இந்தச் சொற்கதையைக் கேட்டபின் பிள்ளைகள் கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, நாளிதழ்த் தாள் நீளவாக்கில் நேராகவும் குறுக்கே கோணலாகவும் கிழிவதைப் பார்த்துப் பார்த்து மைதாப் பசையில் ஒட்டினார்கள். மாணவர் பக்கத்தில் கலைச்சொல் வரும்போதெல்லாம் அதன் வேரையும், ‘ஒட்டோவியம்’ போன்ற தமிழ்ச் சொல்லையும் இரண்டு வரியில் தாருங்கள்.

- வாசகர், ஈசூன்