ஆன்லைன் யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜூமில் நேரலையாக யோகா, உடற்பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

'மாதம் 299 ரூபாய், எத்தனை பேரும் சேரலாம்' என்ற போட்டியில் தயவுசெய்து இறங்காதீர்கள். 60 பேர் 299 கட்டினால் வசூல் 17,940. 22 பேர் 900 கட்டினால் 19,800. அறுபது பேரில் யார் தப்பாகச் செய்கிறார் என்று பார்க்கவே முடியாது. தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று தெரிந்ததும் மாணவர் முதலில் கேமராவை அணைப்பார், அப்புறம் வரமாட்டார், அடுத்த மாதம் பணமும் வராது. அந்த இடத்தை நிரப்ப மறுபடி விளம்பரச் செலவு. லாபம் கரைவது இங்கேதான்.

ஒரு பேட்ச் என்றால் லேப்டாப் திரையில் ஒரே பக்கத்தில் தெரிகிறவர்கள் மட்டும். ஜூம் கேலரியில் வழக்கமாக 25 கட்டம். உங்களுடையது போக 24.

மாணவரின் ஃபோன் இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், படுக்கைவாட்டில் இருக்கட்டும். பாய் பக்கவாட்டில் கிடந்தால் பிளாங்கில் (கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) இடுப்பு தொய்வது தெரியும். ஆனால் வீரபத்ராசனத்தில் மடக்கிய முழங்கால் உள்பக்கம் சாய்வது தெரியாது. அதற்கு மட்டும் பாயைத் திருப்பி, முன்கால் கேமராவை நோக்கி இருக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், கர்ப்பம், டிஸ்க் தொந்தரவு பற்றிச் சேரும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு அது மைக் வழியே போகட்டும் என்று விடாதீர்கள். ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டும். உங்கள் குரலும் சேர்ந்து விட்டுவிட்டுக் கேட்கும். ஷேர் ஸ்கிரீனில் கம்ப்யூட்டர் ஆடியோவை மட்டும் பகிருங்கள், குரலுக்குக் காலர் மைக். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும்; சவாசனத்தின் நடுவில் அது நேர்ந்தால் அந்த வகுப்பே வீண்.

பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல்தான். ஆகவே அடிபடுவது இல்லத்தரசிகளின் 10 மணி பேட்ச். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

காலை 6 மணி வகுப்புக்கு நியூயார்க், நியூ ஜெர்சி தமிழர்களும் வரலாம். அங்கே கோடையில் முந்தின இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. நவம்பரிலும் மார்ச்சிலும் கடிகாரம் மாறும் வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் நினைவூட்டாவிட்டால், பாதிப் பேர் தப்பான நேரத்தில் வந்து காத்திருப்பார்கள்.

கட்டணம் மாதத் தொடக்கத்திலேயே, முன்பணமாக. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ரெக்கார்டிங்கை 48 மணி நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். எப்போதும் கிடைக்கும் என்றால் நேரலைக்கு வருவது குறைந்துவிடும்.

25ஆவதாக ஒருவர் கேட்டால் காத்திருப்போர் பட்டியலில் எழுதுங்கள். அதில் 12 பேர் சேர்ந்ததும் அடுத்த பேட்ச்சைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
இணைய வழி வகுப்புகளை நடத்தித் தரும் குழுவினர்