வீட்டுத் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், ஐப்பசி மழையில் நின்றுபோன ஒன்றைத் தவிர, ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக ஸ்பைடர் பிளாண்ட், அதாவது நீள இலையில் வெள்ளைக் கோடு போட்ட அந்தத் தொட்டிச் செடி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான்.

தாய்ச்செடி விடும் கொடியின் நுனியில் முளைக்கும் சிறு செடியைத்தான் குட்டி என்கிறோம்; சென்ற ஆண்டு ஆளுக்கொரு குட்டி கொடுத்தோம். ஆப்பிரிக்காச் செடி, கிழங்கு மாதிரித் தடித்த வேரில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் வறட்சியைத் தாங்கும் என்று சொன்னது நான்தான். தாங்கவும் செய்தது. ஆனால் பங்குனிக்குள் பல வீடுகளில் இலை நுனி தீய்ந்து பழுப்பாகிவிட்டது. வெயில் என்றார்கள், உரம் போதவில்லை என்றார்கள். உரத்தை இரண்டு மடங்காக்கிய ஒருவர் வீட்டில் தீய்ச்சல் பாதி இலைக்கு இறங்கியது. அந்த ஒருவர் இந்த அறிக்கையை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருக்கும் நான்தான்.

கடைசியில் மண் தொட்டியே காட்டிக்கொடுத்தது. அதன் வெளிப்புறம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சோப்பு நுரைக்காத நம் போர்த் தண்ணீரைத்தான் நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். இந்தச் செடிக்கு உப்பும் ஆகாது, ஃபுளோரைடும் ஆகாது. இலை நுனியில்தான் முதலில் தெரியும். போதாததற்குச் சிலர் கடற்கரை மணலைக் கலந்திருந்தார்கள். சிலர் தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் போட்டிருந்தார்கள். அதிலும் உப்பு உண்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசித்தான் சேர்க்க வேண்டும்.

மருந்து எளிதுதான். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டிய மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் சும்மா கிடந்தது. அதைக் கழுவி, கார்த்திகையில் பிடித்த தண்ணீரைச் செடிக்கென்று ஒதுக்கினோம். மாதம் ஒருமுறை அதைச் செடித் தொட்டியின் அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். கீழக்கரை ராத்தா ஒருவர் ஏசி சொட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறார். அதில் உப்பே கிடையாது. அவர் செடிதான் இன்று மேடையில் இருப்பது. தீய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். மேற்கு ஜன்னலில் வைத்திருப்பவர்கள் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் உள்ளே எடுத்துவிடுங்கள், அந்தக் காற்றே உப்புதான்.

குட்டி எடுப்பதில் நமக்குப் பாடம் தேவைப்படவில்லை. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று போகாத ஊர் உண்டா? அங்கிருந்து வரும் அப்பத்தா செயல்விளக்கக் கூட்டத்தில் என்னைப் பேசவே விடவில்லை. "தாய்க்கொடியை ஏம்மா அதுக்குள்ள அறுக்குற? பக்கத்துச் சட்டியில மண்ணைப் போட்டு, குட்டியை அதுல ஒக்கார வச்சு, கொண்டை ஊசியால அமுக்கு. வேர் பிடிச்ச பெறகு அறு" என்றார். நான் தண்ணீர்க் குவளையில் வேர்விட வைத்தவை நீள வேரோடு அழகாகத்தான் இருந்தன, ஆனால் மண்ணுக்கு மாற்றியதும் சில துவண்டன. வேர் ஓர் அங்குலம் வந்ததுமே மாற்றியிருக்க வேண்டும். அப்பத்தாவுடையது ஒன்றுகூடப் போகவில்லை.

விதை போட்டுப் பார்த்த உறுப்பினருக்கு முழுப் பச்சைச் செடிகள்தான் கிடைத்தன. வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் குட்டிதான் வைக்க வேண்டும்.

ஒரு திருத்தமும் உண்டு. இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சென்ற அறிக்கையில் எழுதியிருந்தேன். 1989-ல் நாசா செய்த சோதனை அடைத்த சிறு கூண்டுக்குள் நடந்தது. கதவும் ஜன்னலும் உள்ள வீட்டில் நாலு தொட்டி வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அழகுக்கு வையுங்கள், போதும்.

சரி, கடைசியாக ஒன்று. குட்டி வாங்கியவர்கள் தலைக்கு இரண்டு திருப்பித் தருவதாகப் பேச்சு. பலர் தந்துவிட்டீர்கள், எல்லாம் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கின்றன. புதிய உறுப்பினர்கள் தை பிறப்பதற்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்