திரும்ப கம்பெனிக்குப் போனேன்டி

அடியே ஒட்டடக்குச்சி,

நல்லாருக்கியா. போன்ல பேசுனா நடுவுல அழுதுருவேன், அதான் எழுதுறேன். 21 நாளைக்கு ஒண்ணுன்னு அந்த செகப்பு கீமோ மருந்து 4, அப்புறம் வாரா வாரம் 12, எல்லாம் மதுரைக்கு பஸ்ல போயி வந்தே முடிச்சாச்சு. முடி ஒரு வெரக்கட வந்துருச்சு, சுருட்டையா.

தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15 போட்டுக எறங்குன வாரமே நண்டு கம்பெனிக்குப் போயிட்டேன். உள்ள நுழைஞ்சதும் ஷெட்டுல பேச்சு சத்தம் கப்புன்னு நின்னுச்சு பாரு, அதுலயே எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு, இத்தன மாசம் ஒருத்தி எட்டிப் பாக்கலையேன்னு ஏற்கனவே மனசுல வச்சுருந்தேன்ல. மூணாவது நாளு எடை நோட்டுல ஜம்போ, அதான் நண்டோட பெரிய சதை, 3 கிலோ கொறையுது, என் எடத்துல இருந்தவள எல்லாரு முன்னாடியும் பிடிச்சு கத்திட்டேன். சாயங்காலம் பாத்தா அத கிளா, அதான் கொடுக்கு சதை, அந்தக் கட்டத்துல எழுதிருக்கு, என் கையெழுத்து. கீமோவுல ஞாபகம் நழுவும்னு டாக்டரு முன்னாடியே சொல்லிருந்தாரு, ஆனா நமக்கு நழுவும்போது அடுத்தவ தப்பாத்தான்டி தெரியுது.

அவ கத்தல. "ரெண்டு தடவ வந்தோம்க்கா, அண்ணன் தான் வெள்ளணு கொறைஞ்சுருக்கு, யாரும் கிட்டப் போகக்கூடாதுன்னு வாசல்லயே நிப்பாட்டிட்டாரு, நாட்டுக்கோழி முட்டைய குடுத்துட்டு வந்துட்டோம்"ன்னா. அந்த முட்டைய இந்த மனுசன் வாங்குனதுன்னு நெனச்சு தின்னுருக்கேன். வீட்டுக்குப் போயி கேட்டா, மறந்துட்டேங்குறாரு. இவருக்கு எந்த ஊசி போட்டாங்க சொல்லு.

மறுநா கத்துன அதே எடத்துல நின்னு, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல, நண்டு ஒடைக்கிற சத்தம் தான். நானும் ஒரு கத்திய எடுத்துக்கிட்டு கீழ உக்காந்தேன். துடுப்புக்கால் பக்கத்து சதைய முழுசா எடுத்தாத்தான ஜம்போ, எனக்கு பிஞ்சு பிஞ்சு வருது. சதையில ஓடு கெடக்கான்னு தடவிப் பாக்கணும்ல, வெரல் நுனி மரத்துக் கெடக்கு, ஒண்ணும் தெரியல. அவ பாத்துக்கிட்டே இருந்துட்டு என் தட்ட இழுத்து வச்சு, நான் விட்ட ஓட்டத் தனியா பொறுக்கிப் போட்டா, ஏழு துண்டு, எண்ணிக் காமிச்சா வேற, கழுத.

இப்ப தராச நான் பாத்து சத்தமா சொல்லுவேன், நோட்டுல அவ எழுதுவா. மொதலாளிக்கு இது பிடிக்கல, ஒரு வேலைக்கு ரெண்டு ஆளாங்குறாரு, பாப்போம். ஒரு கெழவி மட்டும் இன்னும் என்னப் பாத்தா முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டு தள்ளி உக்காருது, ஒட்டுவாரொட்டின்னு நெனப்பு. போகட்டும், அதுக்கிட்ட மல்லுக்கட்ட தெம்பு இல்ல.

நீ திருவிழாவுக்கு வருவீல்ல, நாக்குல இன்னும் இரும்பு நக்குன மாதிரி இருக்கு, ஒங்கம்மா போடுற நார்த்தங்கா ஊறுகா இருந்தா சோறு எறங்கும். ரெண்டு பாட்டிலா கொண்டா, அவளுக்கு ஒண்ணு தாரேன்னு வாய் விட்டுட்டேன்.

ஒன் நண்டு