முப்பத்தாறு கணினிக்கு ஒரே பெயர்

காரைக்குடி

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தது. ஆத்தாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மன நிறைவு. இங்கும் அனைவரும் நலம்.

நீ கேட்டிருந்த செய்திக்கு வருகிறேன். புதிதாகப் பொறுப்பேற்ற இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குத் தானாகவே பெயர் அமையும்படி செய்ய வேண்டும் என்றும், பெயரைப் பார்த்த உடனே துறை, மாடி, பயன்படுத்துபவர் மூன்றும் தெரிய வேண்டும் என்று மேலாளர் விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். தானாகப் பெயர் வைப்பதைக் கட்டாயம் செய். அந்த மூன்றையும் மட்டும் பெயருக்குள் வைக்காதே. அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். எங்கள் கல்விக் குழுமத்தின் நான்கு வளாகங்களிலும் சேர்த்து 740 கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. வேதியியல் துறைப் பெயரோடு இருந்த பன்னிரண்டு கணினிகள் ஒரு கோடை விடுமுறையில் நூலகத்துக்குப் போயின. பெயர் மட்டும் வேதியியலிலேயே நின்றுவிட்டது. கணக்குப் பிரிவில் ஓய்வுபெற்ற அம்மையாரின் பெயரைத் தாங்கிய மடிக்கணினியில் வேறொருவர் வேலை பார்த்தார். அது பழுது என்று அழைப்பு வரும்போதெல்லாம் என் உதவியாளர் தவறான கட்டடத்துக்குப் போய்த் திரும்புவார். கணினிக்கு ஆளின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ வைக்க வேண்டாம் என்று 1990-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1178 என்னும் இணையக் குறிப்பே எச்சரித்திருக்கிறது. இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு மடிக்கணினி எந்த வைஃபையில் சேர்ந்தாலும் பெரும்பாலும் தன் பெயரை அந்த வலையமைப்புக்குச் சொல்லிவிடும். ஓர் ஆசிரியையின் முழுப் பெயரும் துறையும் அவர் பயணத்தில் தங்கும் விடுதியின் வைஃபையில் முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரிவது நியாயமே இல்லை.

பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தாவின் பாத்திர அறை உனக்கு நினைவிருக்கும். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அண்டா எடுக்கப் போனேன். தூசியைத் துடைத்தபோது, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எங்கள் விலாச எழுத்துகள் தெரிந்தன. இது முற்றத்துக்கு, இது அடுப்படிக்கு என்று எந்தப் பாத்திரத்திலும் வெட்டியிருக்கவில்லை. எந்த வீட்டுச் சாமான் என்பது மட்டும் பாத்திரத்தில் இருந்தது; எது எங்கே போயிருக்கிறது, யார் இரவல் வாங்கிப் போனார்கள் என்பதெல்லாம் அப்பத்தாவின் நோட்டில் இருந்தது. எங்கள் புதிய முறையும் ஏறக்குறைய அதுதான். முதலில் குழுமத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு ஒரு சிறு கோடு, பிறகு கணினியின் சீரியல் எண். வளாகத்தின் பெயரைக்கூடச் சேர்க்கவில்லை. துறை, அறை, ஆள் எல்லாம் சொத்துப் பட்டியலில் இருக்கும். மாறும்போது அங்கே மாற்றிக்கொள்கிறோம்.

விண்டோஸில், வலையமைப்பில் கணினிகளுக்குப் பெயரிடும் பழைய முறையான நெட்பயாஸின் வரம்பு இன்னும் நம்மைக் கட்டுகிறது. அதில் பெயருக்கு 16 பைட்டுகள். கடைசி பைட் சேவையின் வகையைக் குறிக்கப் போய்விடுவதால் நமக்கு மிஞ்சுவது 15 எழுத்துகள். முன்னொட்டுக்கும் கோட்டுக்கும் நான்கு போனால் சீரியல் எண்ணுக்குப் பதினொன்று. எண் அதைவிட நீளமாக இருந்தால் கடைசிப் பதினொன்றை எடு. முன்பகுதி ஒரே தொகுப்பில் வந்த கணினிகள் பலவற்றுக்கும் ஒன்றுபோல் இருக்கக்கூடும். வேறுபாடு பெரும்பாலும் வால் பக்கம்தான் இருக்கும்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீ படாமல் இருக்க. ஓர் ஆய்வகத்தில் உள்ளூரில் அசெம்பிள் செய்த 36 கணினிகள் இருந்தன. அத்தகைய மதர்போர்டுகளில் பல, சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்ற வாசகத்தோடே வருகின்றன. தயாரிப்பாளர் பின்னால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட இடம் அது. பெயர் வைக்க நான் எழுதிய சிறு நிரலான ஸ்கிரிப்ட் வழக்கம்போல் இடைவெளியையும் புள்ளிகளையும் நீக்கி, கடைசிப் பதினொரு எழுத்தை எடுத்தது. ‘ஃபில்டுபைஓஇஎம்’ என்பது ஆங்கிலத்தில் சரியாகப் பதினொரு எழுத்து. இரவோடு இரவாக 36 கணினிகளும் அந்த ஒரே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக டொமைனில், அதாவது எங்கள் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில், சேர்ந்தன. ஒவ்வொன்றும் சேரும்போது, அதே பெயரில் டொமைனில் முன்பே இருந்த கணினிக் கணக்கைத் தனதாக்கிக்கொண்டு அதன் கடவுச்சொல்லை மாற்றியது. முன்னால் சேர்ந்த கணினிக்கு டொமைனோடு இருந்த உறவு அந்த நொடியே அறுந்தது. வேறொருவர் உருவாக்கிய கணக்கை இப்படி எடுத்துக்கொள்வதை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் புதுப்பிப்பில் தடுத்துவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தது என் ஸ்கிரிப்டின் ஒரே கணக்கு என்பதால் அந்தத் தடை எங்களைக் காக்கவில்லை. காலையில் செய்முறைத் தேர்வுக்கு வந்த மாணவர்களை ஒரே ஒரு கணினிதான் உள்ளே விட்டது. அந்தப் பிள்ளைகள் வராந்தாவில் நின்ற இரண்டு மணி நேரம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. நம் தெருவில் ‘ராமநாதா’ என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்களே, அதை அறிந்த நான் இதை முன்கூட்டியே நினைத்திருக்க வேண்டும்.

அதன்பின் ஸ்கிரிப்டை முழுவதும் திருத்தி எழுதினேன். சீரியல் எண் வெற்றாகவோ, ‘டீஃபால்ட் ஸ்ட்ரிங்’ போன்ற நிரப்பு வாசகமாகவோ, எல்லாம் சுழியமாகவோ இருந்தால் அதை ஏற்காது. அப்போது மதர்போர்டோடு ஒட்டிய நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணைக், கொண்டு பட்டியலில் தேடி, பெட்டியில் நாங்கள் ஒட்டிய சொத்து எண்ணைப் பெயராக்கும். யூ.எஸ்.பி.யில் செருகும் கார்டுகளின் முகவரியை நம்பாதே. அவை மேசைக்கு மேசை மாறும். பட்டியலிலும் இல்லையென்றால் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். ஊகித்துப் பெயர் வைக்கும் வேலையை ஸ்கிரிப்டிடம் ஒருபோதும் விடாதே. அதே பெயர் டொமைனில் வேறு கணினிக்கு இருந்தாலும் நின்றுவிடும். நாள்தோறும் ஒருமுறை ஓடி, பெயர் சரியாக இருந்தால் எதையும் தொடாமல் போய்விடும். மாற்ற வேண்டியிருந்தால், விண்டோஸில் ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய பெயர் நடப்புக்கு வரும் என்பதால், அதை இரவுக்கு ஒத்திவைக்கும்.

உன்னிடம் இருப்பவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் மடிக்கணினிகள் என்றால், மைக்ரோசாஃப்டின் கணினி மேலாண்மைச் சேவையான இன்டியூனில், புதுக் கணினியைத் தானாக அமைத்துத் தரும் ஆட்டோபைலட்டில் சீரியல் எண்ணை இடும் பெயர் வார்ப்புருவே போதும். நிறுவனத்துக்குள்ளேயே டொமைனை நடத்தும் பழைய ஆக்டிவ் டைரக்டரியிலும் சேர்க்கும் ஹைப்ரிட் முறையில் மட்டும் அந்த வார்ப்புரு செல்லாது. அங்கே முன்னொட்டு மட்டும் நமது, மீதி அதுவே ஏதோ ஒரு வரிசையில் போடும் எழுத்துகள். ஆப்பிளின் மேக் கணினிகளில் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது: கம்ப்யூட்டர்நேம், லோக்கல்ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்நேம். ஸ்கியூட்டில் கட்டளையால் மூன்றையும் மாற்று. ஒன்றை விட்டால் பட்டியலில் ஒரு பெயரும் வலையமைப்பில் வேறொரு பெயருமாக நிற்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சர்வீஸுக்குப் போய் மதர்போர்டு மாற்றி வரும் மடிக்கணினிகளில் சிலவற்றுக்குப் பழைய சீரியல் எண்ணைத் திரும்ப எழுதித் தருகிறார்கள், சிலவற்றுக்கு எழுதுவதில்லை. ஒட்டிய சொத்து எண் அதேதான் என்றால் கணினியும் அதேதான் என்று கொண்டு பழைய பெயரையே வைத்துவருகிறேன். நீ என்ன செய்கிறாய் என்று எழுது. உன் பட்டியலிலிருந்து சீரியல் எண்கள் மட்டும் ஒரு நூறு வரி அனுப்பினால், என் ஸ்கிரிப்டில் ஓட்டிப் பார்த்து எவை இடிக்கின்றன என்று இந்த வார இறுதிக்குள் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்