198 நாற்காலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கலை நிகழ்ச்சியா, தாராளமாக நடத்தட்டும். அரசியலைச் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். ஆக்ஸ்போர்டைப் பார்த்தாவது நாகரிகமாக விவாதிக்கக் கற்கட்டும்' என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்தச் செருப்பு நான்கு நாளாக என் காலைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஆக்ஸ்போர்டைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1933 பிப்ரவரி 9 அன்று அங்குள்ள மாணவர் மன்றத்தில், எந்த நிலையிலும் அரசனுக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275க்கு 153 என்ற கணக்கில் நிறைவேறியது. பத்திரிகைகள் கொதித்தன. கோழைகள் என்று குத்திக்காட்ட, வாக்குக்கு ஒன்று வீதம் 275 வெள்ளை இறகுகளைப் பெட்டியில் போட்டு மன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு சிலர் கூட்டத்துக்குள் புகுந்து, குறிப்பேட்டிலிருந்து அந்தப் பக்கத்தையே கிழித்துக்கொண்டு போனார்கள். நாகரிகம் இதுதான் என்றால் எங்கள் மாணவர்கள் இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்று சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப் வந்து கேட்டபோது, 750க்கு 138 என்று அவரைத் தோற்கடித்து அனுப்பியதும் அதே மன்றம்தான். கட்டுரையாளர் இதைப் படிக்கவில்லையா, படித்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டாரா?

செருப்பைக் கழற்றிய மாணவர்களும் உண்டு. 1964இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் தடையை மீறி மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுத்த ஒருவரைப் போலீஸ் பிடித்துக் காரில் ஏற்றியது. மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை. காரின் கூரைதான் மேடை. அதில் ஏறிப் பேசிய மாணவர் மேரியோ சாவியோ, கூரை கெட்டுவிடக் கூடாதென்று காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது பாடகி ஜோன் பேயஸ் அங்கே நின்று பாடினார். அது கலை நிகழ்ச்சியா, அரசியல் நிகழ்ச்சியா? படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

படிவம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையின் நாடகக் குழுவுக்கு நான் செயலாளர். அரங்கு கேட்டால் நாடகப் பிரதியை மூன்று நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த பிரதியில் 'தலைவர்' என்ற சொல்லைச் சுற்றி 14 இடங்களில் சிவப்பு மையில் வட்டம். "எந்தத் தலைவர்?" என்று கேட்டார் அலுவலர். கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை செய்யும் குடும்பத் தலைவர் ஐயா என்றேன். நம்பவில்லை. 14 இடங்களிலும் 'பெரியவர்' என்று மாற்றினோம். பெரியவர் வந்த போதெல்லாம் அரங்கம் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. நாங்கள் எழுதிய அரசியல் ஒரு துளி. மிச்சத்தை எழுதிக் கொடுத்தது நிர்வாகம்.

அன்றிரவு நிகழ்ச்சி முடிந்ததும் 200 நாற்காலிகளையும் நானே அடுக்கி எண்ணினேன். 198. மறுபடி எண்ணினேன், அதே 198. காவலாளியின் டார்ச் வெளிச்சத்தில் மரத்தடி வரை தேடிப் பார்த்தோம். காப்புத்தொகை திரும்பவில்லை. மறுவாரம் அலுவலக வராந்தாவில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளின் முதுகில் அரங்கத்தின் எண் எழுதியிருந்தது. வரவேற்பு விழாவுக்கு எடுத்துப் போனார்களாம். கேட்டதற்கு, 'எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்' என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

மாணவர்கள்மேல் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. நேரத்துக்குத் தொடங்க மாட்டார்கள். கவியரங்கம் என்று கூப்பிட்டுவிட்டு வாழ்த்துரைக்கே ஒரு மணி நேரம் எடுப்பார்கள். இன்று ஆசிரியனாக, அதே படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு சுவரொட்டியைப் பார்த்து 'இந்த வரி எதற்கு?' என்று நானே கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பெண் பதில் பேசாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றி வேறொரு கடிதம் எழுத வேண்டும்.

அது கிடக்கட்டும். கல் விழுந்தால் மறுநாளே மாணவர்களுக்கு உங்கள் முதல் பக்கத்தில் நான்கு பத்தி கிடைக்கிறது. நாடகம் போட்டால் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஒரு வரி கிடைப்பதில்லை. எங்கள் மாணவர்கள் இந்த ஆண்டு மூன்று முறை அறிவிப்பு அனுப்பினார்கள்; மூன்றும் வரவில்லை. இடமின்மை என்பது பத்திரிகைக்குப் புதிதல்ல, தெரியும். ஆயினும் இந்த ஒரு வரியை வெளியிட்டு உதவுங்கள்: வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி, வளாகத் திறந்தவெளி அரங்கு, மாணவர் நாடகமும் விவாதமும், அனுமதி இலவசம். கட்டுரையாளருக்கு முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். 7 மணிக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் நாடகக் குழுச் செயலாளர்